ராக்லேண்ட் 2022: போலியோ மறந்துபோன ஊரில் ஒரு போலியோ நோயாளி

எதற்காக இந்த ஆய்வு

2022 ஜூன் மாதம் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஓர் இளைஞர் இரண்டு கால்களும் துவண்ட நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அடுத்த மாதம் அது போலியோ என்று உறுதியானது. உள்ளூரிலேயே பரவிய இயற்கைப் போலியோ அந்த நாட்டில் கடைசியாகக் காணப்பட்டது 1979-ல். அதற்குப் பின் படித்து வந்த மருத்துவர்களில் பெரும்பாலோர் இந்த நோயைப் புத்தகத்தில் மட்டுமே பார்த்தவர்கள்.

போலியோ ஒழிப்பு என்றதும் பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும்தான் நம் நினைவுக்கு வரும். அங்கே போர், துப்பாக்கிச் சூட்டுக்கு அஞ்சாமல் வீடு வீடாகப் போகும் பெண்கள், சாலையே இல்லாத மலைக் கிராமங்கள் என்று தடைகளுக்குக் குறைவில்லை. அந்த இளைஞர் வாழ்ந்த ராக்லேண்டில் இவை எதுவும் கிடையாது. பணம் இருக்கிறது, மருத்துவமனை இருக்கிறது, குழாயில் சுத்தமான தண்ணீர் வருகிறது, தடுப்பூசியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இத்தனை இருந்தும் வைரஸ் உள்ளே வந்து பல மாதங்கள் சுற்றியது. தடுப்பூசி போடாத குழந்தைகள் ஒரே இடத்தில் அடர்ந்து இருந்ததுதான் அதற்குக் காரணம். மாநிலம் முழுமைக்குமான சராசரி எண் அந்த அடர்த்தியை மறைத்துவிடுகிறது. இந்த நிகழ்வை எடுத்து எழுதுவது அதற்காகத்தான்.

நோயாளியின் பெயரை அதிகாரிகள் கடைசி வரை வெளியிடவில்லை. நோய்ப் பரவலைப் புரிந்துகொள்ள அந்தப் பெயர் தேவையும் இல்லை.

பின்னணி: வைரஸ் எங்கிருந்து வந்தது

போலியோவை உலகிலிருந்தே ஒழிப்பது என்று 1988-ல் உலக சுகாதார மாநாடு தீர்மானித்தபோது 125-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஆண்டுக்குச் சுமார் 3,50,000 பேர் இந்நோயால் முடங்கிக்கொண்டிருந்தார்கள். வைரஸில் மூன்று வகை. டைப் 2 இயற்கை வைரஸ் கடைசியாகத் தென்பட்டது 1999-ல், உத்தரப் பிரதேசத்தின் அலிகாரில். அது ஒழிந்துவிட்டதாக 2015-ல் அறிவித்தார்கள். டைப் 3 ஒழிந்ததாக 2019-ல் அறிவிப்பு வந்தது. டைப் 1 இயற்கை வைரஸ் மட்டும் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இன்னும் ஓயாமல் பரவிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் 1999-லேயே மறைந்த டைப் 2 எப்படி 2022-ல் நியூயார்க்கில் ஒருவரின் கால்களை முடக்கியது? இதற்குச் சொட்டு மருந்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

வாயில் விடும் சொட்டு மருந்தில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். அது குழந்தையின் குடலில் சில வாரங்கள் வளரும், எதிர்ப்பு சக்தியை உண்டாக்கும், மலத்தோடு வெளியேறும். அப்படி வெளியேறுவது அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கும் போய்ச் சேரும். ஊரில் பெரும்பாலான குழந்தைகள் மருந்து எடுத்திருந்தால் அந்த வைரஸுக்கு மேலே போக வழியில்லாமல் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். எடுக்காத குழந்தைகள் நிறைய இருந்தால் அது ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மாதக்கணக்கில் தொற்றிக்கொண்டே போய், வழியில் மரபணு மாறி, இழந்த வீரியத்தை மறுபடி பெற்றுவிடும். இதைத்தான் தடுப்பு மருந்து வழிப் போலியோ வைரஸ் என்கிறார்கள்.

சொட்டு மருந்து கெட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. 2009-ல் 741 பேருக்குப் போலியோ வந்த இந்தியாவில், 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு குழந்தைக்கு வந்ததோடு இயற்கைப் போலியோ நின்றுபோனது. அதைச் சாதித்தது அந்தச் சொட்டுதான். மருந்து போய்ச் சேராத இடம் மிச்சமிருப்பதுதான் ஆபத்து.

இயற்கை டைப் 2 ஒழிந்துவிட்டதால், 2016 ஏப்ரலில் உலகம் முழுக்கச் சொட்டு மருந்திலிருந்து டைப் 2-வை நீக்கினார்கள். இந்தியாவிலும் அப்போதே மாற்றினார்கள். அதற்குப் பின் பிறந்த குழந்தைகளுக்கு டைப் 2-க்கு எதிராகக் குடலில் பாதுகாப்பு இல்லை. ஏற்கெனவே அங்கங்கே சுற்றிக்கொண்டிருந்த டைப் 2 தடுப்பு மருந்து வழி வைரஸுக்கு இது வசதியாகிவிட்டது. ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் பரவியது. அதை அடக்க டைப் 2 சொட்டு மருந்தையே மறுபடி கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்த இடங்களில் சிலவற்றில் அதிலிருந்தே புதிய பரவல் கிளம்பியது. 2016-ல் எடுத்த முடிவின் கணக்கு தப்பிப்போனது என்றே நான் கருதுகிறேன். மருந்தை மாற்றும் முன் பல நாடுகளில் குழந்தைகளின் எதிர்ப்பு சக்தியை இன்னும் உயர்த்தியிருக்க வேண்டும்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே 2000-லிருந்து சொட்டு மருந்தே கிடையாது, ஊசி மட்டும்தான். ஊசியில் இருப்பது கொல்லப்பட்ட வைரஸ். அது இரத்தத்தில் எதிர்ப்பு சக்தியை நன்றாக வளர்க்கும், நரம்பை வைரஸ் தொடாமல் காக்கும். ஆனால் குடலில் வைரஸ் வந்து தங்குவதை அவ்வளவாகத் தடுக்காது. ஊசி போட்ட குழந்தைக்குக் கால் முடங்காது. அதே குழந்தை தனக்கே தெரியாமல் சில வாரங்கள் வைரஸை மலத்தில் வெளியேற்றிக்கொண்டிருக்கலாம். பின்னால் கழிவுநீரில் கண்டதைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

ஆக, 2022-ல் அமெரிக்காவில் கண்ட வைரஸ் வெளிநாட்டில் எங்கோ சொட்டு மருந்து எடுத்த ஒருவரிடம் தொடங்கியதாகத்தான் இருக்க முடியும்.

பின்னணி: ராக்லேண்ட்

கவுண்டி என்பது நம் மாவட்டத்தைப் போன்ற ஒரு நிர்வாகப் பிரிவு. ராக்லேண்ட் கவுண்டி நியூயார்க் நகரத்துக்கு வடமேற்கே, ஹட்சன் ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 3.4 லட்சம்.

எச்சரிக்கை அங்கே முன்பே வந்திருந்தது. 2018-19-ல் தட்டம்மை புகுந்து 312 பேருக்கு வந்தது. 2019 மார்ச்சில் கவுண்டி நிர்வாகம் அவசர நிலை அறிவித்து, தடுப்பூசி போடாத சிறுவர்கள் பொது இடங்களுக்கு வரக் கூடாது என்று தடை விதித்தது. அந்த ஆண்டு ஜூனில் மாநில அரசு, மத நம்பிக்கையைக் காரணம் காட்டிப் பள்ளித் தடுப்பூசியிலிருந்து விலக்குப் பெறும் வழியை அடைத்தது.

தட்டம்மைக்கும் போலியோவுக்கும் வைரஸ் வேறு, தடுப்பூசி வேறு. இருந்தாலும் இரண்டையும் தவறவிடும் வீடுகள் பெரும்பாலும் ஒன்றே. தட்டம்மை எந்தத் தெருக்களில் பரவியதோ, அந்தத் தெருக்களில் போலியோ ஊசியும் குறைவாகத்தான் இருக்கும் என்று அப்போதே கணித்திருக்கலாம்.

நெருக்கமாகக் கூடி வாழும் யூத மரபுவழிக் குடும்பங்கள் ராக்லேண்டில் நிறைய. தட்டம்மைக் காலத்திலேயே அவர்களைக் குறிவைத்துத் தடுப்பூசிக்கு எதிரான துண்டுப் பிரசுரங்கள் வீடு வீடாகப் போயிருந்தன. அவர்களுடைய மதம் தடுப்பூசியை மறுப்பதில்லை. யூத மதகுருமார்களான ரபிகளில் பலர் போடச் சொல்லியே பேசினார்கள். பெரிய குடும்பங்கள், கைக்குழந்தைகளை அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போக நேரமின்மை, பிரசுரங்கள் கிளப்பிய பயம் எல்லாம் சேர்ந்து ஊசிகள் தள்ளிப்போயின. இதை ஒரு சமூகத்தின் குற்றமாக எழுதுகிறவர்கள் பிரச்சினையைப் புரிந்துகொள்ளவில்லை என்பது என் கருத்து.

அப்புறம் கொரோனா வந்தது. குழந்தை மருத்துவர்களிடம் போவதே குறைந்தது. ராக்லேண்டில் 2 வயதுக்குள் மூன்று போலியோ ஊசியும் போட்ட குழந்தைகள் 2020 ஜூலையில் 67.0%. 2022 ஆகஸ்டில் அது 60.3% ஆக இறங்கியிருந்தது. அதே வயதில் நியூயார்க் நகரம் நீங்கலான மாநிலச் சராசரி சுமார் 79%. கவுண்டிக்குள்ளேயே ஒரு பின்கோடு பகுதியில் வெறும் 37.3%. அதாவது அந்தப் பகுதியில் மூன்று குழந்தைகளில் ஏறக்குறைய இருவருக்கு ஊசி முழுமையாகப் போடப்படவில்லை.

ஜூன்: மருத்துவமனையில் கண்டது

நோயாளி இளைஞர். எதிர்ப்பு சக்தியில் குறை எதுவும் இல்லாதவர். போலியோ தடுப்பூசி போட்டதில்லை. மருத்துவமனைக்கு வந்தபோது ஐந்து நாளாகக் காய்ச்சல், கழுத்து விறைப்பு, முதுகுவலி, வயிற்றுவலி, மலச்சிக்கல். அதில் கடைசி இரண்டு நாளாக இரண்டு கால்களிலும் பலவீனம். வைரஸ் தொற்றியிருக்கக் கூடிய நாட்களில் அவர் வெளிநாடு எதற்கும் போகவில்லை. அறிகுறி தொடங்குவதற்கு எட்டு நாள் முன்பு, கூட்டம் அதிகமாக இருந்த ஒரு நிகழ்ச்சிக்குப் போயிருந்தார்.

இப்படி ஒருவர் வந்தால் அமெரிக்க மருத்துவர் ஒருவர் முதலில் நினைப்பது, உடலின் எதிர்ப்பு சக்தியே நரம்புகளைத் தாக்கும் கில்லன்-பாரே நோயை. இல்லாவிட்டால் போலியோ வைரஸின் இனத்தைச் சேர்ந்த வேறு என்டிரோ வைரஸ்களால் தண்டுவடம் வீங்கி கை கால் துவண்டுபோகும் நோயை. இரண்டாவதாகச் சொன்னதற்கு அங்கே நாடு தழுவிய கண்காணிப்பு ஏற்பாடு உண்டு. இந்த நோயாளியை அந்தச் சந்தேகத்தின் பேரில்தான் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தார்கள். அந்த ஏற்பாட்டின் வழியாகத்தான் மல மாதிரிகள் ஆய்வகத்துக்குப் போயின.

நோயைக் கண்டுபிடித்ததில் திருப்பம் இதுதான். போலியோ வைரஸ் தண்டுவட நீரில் அரிதாகவே அகப்படும். குடலில் வளர்வதால் மலத்தில்தான் தேட வேண்டும், அதையும் சீக்கிரம் தேட வேண்டும். கால் துவண்ட 14 நாளுக்குள், ஒரு நாள் இடைவெளி விட்டு இரண்டு மல மாதிரி எடுக்க வேண்டும் என்பது உலகம் முழுக்கப் போலியோ கண்காணிப்பின் அடிப்படை விதி. உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பியது இந்த விதிப்படிதான். இங்கே மாதிரிகள் அறிகுறி தொடங்கிய 11-ம், 12-ம் நாட்களில் எடுக்கப்பட்டன. தண்டுவட நீரைச் சோதித்ததோடு நிறுத்தியிருந்தாலோ இன்னும் சில வாரம் தாமதித்திருந்தாலோ இது பெயர் தெரியாத ஒரு நரம்பு நோயாகக் கோப்புக்குள் போயிருக்கும்.

நம் பக்கத்து மருத்துவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கை கால் திடீரென்று துவண்டுபோனால் தெரிவிக்க வேண்டும் என்ற விதி, பொதுவாக 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது. அதற்கு மேல் வயதுள்ளவர் என்றால் மருத்துவருக்கே போலியோ சந்தேகம் வந்தால்தான் தெரிவிப்பார்கள். இந்த நோயாளி அந்த வயது வரம்பைத் தாண்டியவர். இத்தகையவரின் விஷயத்தில் எல்லாமே ஒரு மருத்துவரின் சந்தேகத்தைப் பொறுத்திருக்கிறது.

அறிகுறி தொடங்கிய 16 நாளுக்குப் பின் நோயாளி மறுவாழ்வுப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டார். கால்களின் பலவீனம் அப்போதும் நீங்கவில்லை. போலியோவுக்கு மருந்து கிடையாது. உடற்பயிற்சியும் ஊன்றுகோலும்தான்.

ஜூலை: ஆய்வகம் சொன்னது

மாநில ஆய்வகம் மரபணு வரிசையைப் படித்ததில் டைப் 2 போலியோ வைரஸ் என்று தெரிந்தது. ஜூலை 18 அன்று அமெரிக்க மத்திய அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்குத் தகவல் போனது. மையம் மறுபடி சோதித்து உறுதி செய்தது. ஜூலை 21 அன்று பொதுமக்களுக்கு அறிவித்தார்கள்.

அசல் சொட்டு மருந்து வைரஸோடு ஒப்பிட்டால், அடையாளம் காணப் பயன்படும் மரபணுப் பகுதியில் 10 இடங்களில் மாற்றம் இருந்தது. டைப் 2-வில் ஆறு மாற்றம் இருந்தாலே தடுப்பு மருந்து வழி வைரஸ் என்று வகைப்படுத்துவார்கள். இந்த மாற்றங்கள் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சேர்ந்துகொண்டே போகும். பத்து மாற்றம் என்றால் சொட்டு மருந்திலிருந்து கிளம்பி ஓர் ஆண்டு வரை ஆகியிருக்கலாம். அந்த ஓர் ஆண்டும் அது ராக்லேண்டிலேயே இருந்தது என்று பொருளில்லை. எங்கெங்கோ ஆட்களின் வழியே பயணப்பட்டு வந்திருக்கிறது.

பரம்பரையும் விரைவில் தெரிந்தது. அதே ஆண்டு பிப்ரவரியிலிருந்து லண்டன் கழிவுநீரிலும், இஸ்ரேலின் கழிவுநீரிலும் கண்ட வைரஸ்களோடு இது உறவுடையது. மூன்று நாடுகளுக்கும் இடையே ஆட்கள் ஓயாமல் போய் வருகிறார்கள். வைரஸ் எந்த வழியாக எப்போது வந்தது என்ற விசாரணை ஒரு தனி ஆளிடம் போய் முடியவில்லை. முடிந்திருந்தாலும் அதனால் பெரிய பயன் இருந்திருக்காது.

கழிவுநீர்: காலத்தில் பின்னோக்கிப் பார்த்தது

கால் முடங்கியவர் ஒருவர்தான். தொற்றியவர்கள் எத்தனை பேர்? போலியோ தொற்றும் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. நான்கில் ஒருவருக்குச் சாதாரணக் காய்ச்சல் போல வந்து போகும். தடுப்பூசி போடாதவர்களில்கூட டைப் 2 தொற்றிய சுமார் 2,000 பேரில் ஒருவருக்குத்தான் கை கால் முடங்கும். டைப் 1 என்றால் 200-ல் ஒருவர். ஆக, இந்த ஒருவருக்குப் பின்னால் நூற்றுக்கணக்கானவர்கள், அதற்கு மேலும் இருக்கலாம் என்று ஆரம்பத்திலேயே அதிகாரிகளுக்குத் தெரிந்தது.

அவர்களைத் தேடி வீடு வீடாக மல மாதிரி கேட்க முடியாது. கழிவுநீரைக் கேட்கலாம். அமெரிக்காவில் அதுவரை போலியோவுக்கான கழிவுநீர்க் கண்காணிப்பு நடக்கவில்லை. ஆனால் கொரோனாவுக்காக எடுத்த மாதிரிகளின் மிச்சம் உறைநிலையில் கிடந்தது. அதை எடுத்துப் போலியோவுக்காகச் சோதிக்கலாம் என்ற முடிவுதான் இந்த நிகழ்வின் மிகச் சிறந்த முடிவு.

ஆகஸ்ட் 10 நிலவரப்படி, ராக்லேண்டிலும் பக்கத்து ஆரஞ்ச் கவுண்டியிலும் எடுத்த 260 மாதிரிகளில் 21-ல் போலியோ வைரஸ் இருந்தது. அதில் 20, நோயாளியின் வைரஸோடு மரபணு உறவுடையவை. நோயாளிக்கு அறிகுறி தொடங்குவதற்கு 25 நாள் முன்பு எடுத்த மாதிரியிலேயே வைரஸ் இருந்தது. அவருக்குக் கால் துவளும் முன்பே, தொற்றிய வேறு ஆட்களின் வழியாக அது சாக்கடைக்கு வந்துகொண்டிருந்திருக்கிறது. ஆகஸ்ட் 12 அன்று நியூயார்க் நகரக் கழிவுநீரிலும் கண்டதாக அறிவித்தார்கள். பிறகு சல்லிவன், நாசோ கவுண்டிகளிலும் தடயம் கிடைத்தது. மார்ச் முதல் அக்டோபர் முற்பகுதி வரையிலான 1,076 மாதிரிகளைச் சோதித்ததில் 89-ல் டைப் 2 இருந்தது. அவற்றில் 82 நோயாளியின் வைரஸோடு உறவுடையவை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் கேள்வி, எந்தத் தடுப்பு மருந்து? பரவலை நிறுத்துவதில் சொட்டு மருந்துதான் கெட்டி. டைப் 2-க்கென்று மரபணுவில் திருத்தம் செய்த புதிய சொட்டு மருந்தும் 2021-லிருந்து ஆப்பிரிக்காவில் பயன்பாட்டில் இருந்தது. அது பழையதைப் போல எளிதில் வீரியம் திரும்பாது. ஆனால் அமெரிக்காவில் அதற்கு உரிமம் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் சொட்டு மருந்தே கொடுக்காத நாட்டில், தடுப்பூசி போடாதோர் அடர்ந்திருக்கும் பகுதிக்குள் மறுபடி உயிருள்ள வைரஸை விடுவதும் எளிதான முடிவில்லை. அதனால் ஊசியோடே நின்றார்கள். முடக்கத்தை அது உறுதியாகத் தடுக்கும். சுகாதார வசதி நன்றாக உள்ள ஊர்களில் போலியோ தொண்டை, எச்சில் வழியாகவும் பரவும். அந்த வழியை ஊசி ஓரளவு அடைக்கும். இந்தக் காரணங்களை நான் ஏற்கிறேன். பல ஆண்டுகளாக விடாமல் பரவிவரும் ஊராக இருந்தால் வேறு முடிவு எடுத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, யாருக்கு முதலில்? அறிவித்த மறுநாளே கவுண்டி சுகாதாரத் துறை இலவச ஊசி முகாம் திறந்தது. ஊசியே போடாத குழந்தைகள், பாதியில் விட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், ஊசி போடாத பெரியவர்கள் ஆகியோருக்கு முன்னுரிமை. முழுமையாகப் போட்டவர்கள் பதற வேண்டாம் என்று சொன்னார்கள். முகாமுக்கு வந்தவர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. தங்கள் குழந்தை மருத்துவரிடம் போட்டுக்கொண்டவர்கள் அதைவிட அதிகம். நம்பிக்கையான முகம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் தாய்மார்கள் போகிறார்கள். பீகாரிலும் மேற்கு உத்தரப் பிரதேசத்திலும் உள்ளூர்ப் பெண்களையும் மதத் தலைவர்களையும் துணைக்கு அழைத்தபிறகே கதவுகள் திறந்தன. ராக்லேண்டிலும் அந்தச் சமூகத்திலிருந்தே வந்த மருத்துவர்களும் செவிலியர்களும் பேசியபோதுதான் கொஞ்சம் அசைந்தது.

மூன்றாவது, சட்ட அதிகாரம். செப்டம்பர் 9 அன்று மாநில ஆளுநர் அவசர நிலை அறிவித்தார். மருந்தாளுநர்கள், மருத்துவச்சிகள், ஆம்புலன்ஸ் ஊழியர்கள் ஆகியோரும் போலியோ ஊசி போடலாம் என்று அனுமதி வந்தது. போட்ட ஊசிகளின் விவரத்தை மாநிலப் பதிவேட்டுக்கு அனுப்ப வேண்டும் என்ற கட்டாயமும் வந்தது. நோய் பற்றிய ஜூலை 21 அறிவிப்பிலிருந்து இதற்கு ஏழு வாரம் ஆனது. ஆகஸ்டில் நகரக் கழிவுநீரிலும் வைரஸ் இருந்ததைக் கண்டபோதே இதைச் செய்திருக்கலாம்.

லண்டனோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். கிழக்கு லண்டனின் பெக்டன் சுத்திகரிப்பு நிலையத்தில் போலியோவுக்கான கழிவுநீர்ச் சோதனை பல ஆண்டுகளாகவே வழக்கமாக நடந்துவந்தது. வைரஸ் தொடர்ந்து வருவதைக் கண்டதும், ஒருவருக்குக்கூட முடக்கம் வராத நிலையில், 2022 ஆகஸ்டில் லண்டனில் 1 முதல் 9 வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் கூடுதல் ஊசி போட முடிவெடுத்தார்கள். லண்டனுக்குச் சாக்கடை சொன்னது. நியூயார்க்குக்கு ஓர் இளைஞரின் கால்கள் முடங்கிச் சொல்ல வேண்டியிருந்தது.

பின்விளைவு

இந்தப் பரவலில் அமெரிக்காவில் இரண்டாவதாக யாருக்கும் முடக்கம் உறுதியாகவில்லை. செப்டம்பர் 13 அன்று, தடுப்பு மருந்து வழிப் போலியோ பரவும் நாடுகளின் பட்டியலில் அமெரிக்காவும் சேர்ந்தது. அதில் அப்போது சுமார் 30 நாடுகள். இலையுதிர் காலத்துக்குப் பின் கழிவுநீரில் தடயங்கள் குறைந்துகொண்டே வந்து 2023-ல் அடங்கின.

இரண்டாவது நோயாளி வராததற்குச் சுற்றியுள்ள பெரும்பாலான குழந்தைகளுக்கு ஊசி இருந்தது ஒரு காரணம். வைரஸ் அவர்களின் குடலில் தங்கியிருக்கலாம், நரம்புக்குப் போக முடியவில்லை. டைப் 2 முடக்குவது அரிது என்பது இன்னொரு காரணம். வந்தது டைப் 1 ஆக இருந்திருந்தால், அதே அளவு பரவலில் முடங்கியவர்கள் பல மடங்கு இருந்திருப்பார்கள்.

மாற வேண்டியவை

கழிவுநீர்ச் சோதனை கொரோனாவின் மிச்சத்தை நம்பி இருக்கக் கூடாது. தடுப்பூசி குறைந்த பகுதிகளில் அது நிரந்தரமாக நடக்க வேண்டும். இந்தியாவில் மும்பையில் 2001-லேயே இது தொடங்கி, பின்னர் பல நகரங்களுக்கு விரிந்தது. பணக்கார நாடு ஒன்று இதில் இருபது ஆண்டு பின்தங்கியிருந்தது.

கால் திடீரென்று துவண்டு வரும் எந்த வயதினருக்கும் இரண்டு மல மாதிரி எடுப்பது வழக்கமாக வேண்டும். செலவு சொற்பம். கிடைக்கும் தகவலுக்கு வேறு மாற்று இல்லை.

தடுப்பூசி போடாமலே பெரியவர்களானவர்களை யாரும் தேடியதில்லை. 2023 ஜூனில் அமெரிக்கத் தடுப்பூசி ஆலோசனைக் குழு, போலியோ ஊசி போடாத அல்லது பாதியில் விட்ட பெரியவர்கள் அதை முடித்துக்கொள்ள வேண்டும் என்று பரிந்துரைத்தது. இந்த நோயாளிக்குப் பின்தான் அது வந்தது.

கடைசியாக, எண்களைப் படிக்கும் முறை. 79% என்ற மாநிலச் சராசரியைப் பார்த்தவருக்கு 37.3% தெரியாது. நம் ஊரிலும் மாவட்ட சராசரியை மட்டும் வெளியிடும் பழக்கம் இருக்கிறது. பின்கோடு வாரியாக, முடிந்தால் அதற்கும் கீழே, ஒவ்வொரு காலாண்டும் பார்க்க வேண்டும். 2019-ல் மத விலக்கை நீக்கிய சட்டம் பள்ளி வாசலில்தான் வேலை செய்கிறது. குழந்தை பள்ளிக்குப் போகும் வரை அந்தச் சட்டம் அதைத் தொடுவதில்லை. 2 வயதுக்குள் 60.3% என்ற எண் அந்த இடைவெளியில் உண்டானது. இரண்டாம் மாதம், நான்காம் மாதம், ஆறாம் மாதத்துக்குப் பின் என்று போட வேண்டிய மூன்று ஊசிகளில் ஒன்று தள்ளிப்போனாலும் அந்த வாரமே அந்த வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போக வேண்டும். அழைப்பவர் அந்தத் தாயின் மொழியில், முடிந்தால் அதே தெருவிலிருந்து பேசுகிறவராக இருக்க வேண்டும்.